எதிர்க்கரையையும் சேர்த்து வாங்கியவர்

கேள்வி: மகள் வீட்டுக்கு நியூயார்க் போயிருந்தபோது ஃபோர்ட் ட்ரையான் பார்க் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு மணி நேர ரயில் பயணம். போய்ப் பார்த்தால் ஒரு குன்று, கொஞ்சம் பூச்செடி, கீழே ஒரு ஆறு, எதிர்க்கரையில் வெறும் பாறை. அதற்குப் போய் ஆகா ஓகோ என்கிறார்கள். இயற்கை இனாமாகக் கொடுத்ததைக் காட்டி மனிதர்கள் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

பதில்: பாறையை இயற்கை கொடுத்தது, சரி. அதன் மேல் ஒரு கட்டடம்கூடத் தலைகாட்டவில்லையே, அதை யார் கொடுத்தது?

நீங்கள் நின்ற இடம் மன்ஹாட்டன் தீவின் வடகோடிக்குப் பக்கம். ஒரு சதுர அடிக்கு அடித்துக்கொள்ளும் ஊர். எதிரே தெரிந்தது ஹட்சன் ஆற்றின் மறுகரை, நியூ ஜெர்சி. அங்கேயும் ஆறு தெரியும் ஜன்னல் என்றால் விலை எகிறும். கொஞ்சம் தெற்கே ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் தெரிந்திருக்குமே, அதன் அந்தப் பக்க முனையில் அடுக்குமாடிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உங்கள் கண்ணுக்கு நேரே மட்டும் மரமும் பாறையுமாக இருக்கிறது என்றால், அது தானாக அப்படி இருந்துவிடவில்லை. ஒருவர் காசு போட்டு அப்படி இருக்க வைத்தார்.

அந்தப் பாறைச் சுவருக்குப் பாலிசேட்ஸ் என்று பெயர். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் எரிமலைக் குழம்பு இறுகி உருவானது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை வெடி வைத்துத் தகர்த்து ஜல்லியாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். நியூ ஜெர்சியின் பெண்கள் சங்கங்கள் கூச்சல் போட்டன. நியூயார்க், நியூ ஜெர்சி இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து 1900-இல் ஒரு பூங்கா ஆணையம் அமைத்தன. வங்கி முதலாளி ஜே.பி. மார்கனிடம் பணம் வாங்கிக் குவாரியை நிறுத்தினார்கள். ஆக, கரையோரச் சரிவு தப்பியது. ஆனால் பாறையின் உச்சி தனியார் நிலமாகவே இருந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் மாடி மேல் மாடி கட்டலாம்.

இங்கேதான் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் வருகிறார். நீங்கள் ஏறிய குன்றில் பில்லிங்ஸ் என்ற கோடீஸ்வரரின் மாளிகை இருந்தது. (குதிரைப் பைத்தியம். 1903-இல் ஓட்டல் ஒன்றின் நடனக் கூடத்துக்குள்ளேயே குதிரைகளை ஏற்றி, விருந்தினர்கள் சேணத்தில் உட்கார்ந்தபடியே சாப்பிடும்படி விருந்து வைத்தவர்.) அந்த எஸ்டேட்டை 1917-இல் ராக்ஃபெல்லர் வாங்கினார். பூங்காவாக்கிக்கொள்ளுங்கள் என்று நகரத்துக்குக் கொடுக்க வந்தபோது முதலில் நகரம் வேண்டாம் என்றது. பராமரிப்புச் செலவு பயம். பேசிப் பேசி, 1935-இல்தான் பூங்கா திறந்தது. அதற்கு முன்பே, 1920-களின் பின்பகுதியிலிருந்து, ஆற்றின் அந்தப் பக்கம் பாலிசேட்ஸ் உச்சியில் நிலம் நிலமாக வாங்கிச் சேர்த்தார். 1933-இல் சுமார் 700 ஏக்கரை அந்தப் பூங்கா ஆணையத்துக்கே கொடுத்துவிட்டார். இந்தக் கரையில் பெஞ்சில் உட்காருகிறவர் கண்ணில் என்ன படவேண்டும் என்பதற்காக, அந்தக் கரையில், வேறொரு மாநிலத்தில், நிலம்! சொந்த வீட்டு ஜன்னலுக்காக இப்படிச் செய்யும் பணக்காரர்கள் உண்டு. பொதுப் பூங்காவின் பெஞ்சுக்காகச் செய்தவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

அவரைப் புனிதராக்க எனக்கு ஆசையில்லை. எல்லாம் அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனிப் பணம். 1914-இல் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் கொளுத்தப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். அந்தச் சுரங்கக் கம்பெனி இவர் குடும்பத்தின் பிடியில் இருந்தது. அது நடந்து மூன்று வருடத்தில் இந்தக் குன்றை வாங்குகிறார். பாவக் கணக்கும் புண்ணியக் கணக்கும் பார்ப்பது உங்கள் விருப்பம். பூங்கா மட்டும் நன்றாகவே வந்திருக்கிறது.

‘கொஞ்சம் பூச்செடி’ என்கிறீர்கள். அதுவும் அப்படி ஒன்றும் தானாக முளைத்ததில்லை. பூங்காவை வடிவமைத்தவர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் ஜூனியர். சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டின் மகன். கிடைத்தது மொட்டைப் பாறையும் செங்குத்துச் சரிவும். தாங்குசுவர் எழுப்பி, படி படியாக நடைபாதை இழுத்து, சுமார் 67 ஏக்கருக்குள் மனிதர்கள் மூச்சு வாங்காமல் சுற்றிவர வழி செய்தார். நுழைந்ததும் வரும் ஹெதர் கார்டன் மூன்று ஏக்கர். அங்கே தரையோடு தரையாக, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் புதர் புதராக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; குனிந்து பார்த்தீர்களா? ஊசி ஊசியாக இலை, அரிசி மணி அளவுக்கு மணி வடிவப் பூ. அதில் ஹீத் என்ற வகை பனிக்காலக் கடைசியில், மற்ற மரமெல்லாம் குச்சியாக நிற்கும்போது பூக்கும். ஹெதர் என்ற வகை கோடை முடிவில். இரண்டையும் கலந்து நட்டு, இடைவெளியை வேறு செடிகளால் நிரப்பி, எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆற்றுப் பக்கம் உயரமான மரம் வைக்காமல் இந்தக் குட்டைச் செடிகளை வைத்ததும் சும்மா இல்லை. பூவுக்கு மேலே பார்வை தட்டாமல் ஆற்றுக்குப் போகவேண்டும்.

அந்த ஆறும் லேசுப்பட்டதல்ல. அங்கே ஹட்சன் பாதி கடல். கடலின் ஏற்றவற்றம் வடக்கே டிராய் நகரம் வரை, கிட்டத்தட்ட 150 மைல் உள்ளே போகிறது. ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீரில் மிதந்து போகும் கட்டையைக் கவனியுங்கள். சில வேளையில் கடலை நோக்கிப் போகும், சில வேளையில் கடலுக்கு எதிர்த்திசையில் போகும்.

பூங்காவின் பெயர் விஷயத்தில் மட்டும் எனக்கும் எரிச்சல் உண்டு. ட்ரையான் என்பவர் நியூயார்க்கை ஆண்ட பிரிட்டிஷ் கவர்னர். அமெரிக்க விடுதலைப் போரில், 1776 நவம்பரில் அந்தக் குன்றில் பிரிட்டிஷாரோடு நடந்த சண்டையில் பீரங்கியோடு நின்ற கணவன் செத்து விழ, அவன் இடத்தில் நின்று சுட்டுப் பலத்த காயம்பட்டவர் மார்கரெட் கார்பின். அமெரிக்கக் காங்கிரஸ் ராணுவப் பென்ஷன் கொடுத்த முதல் பெண். ஜெயித்த பிரிட்டிஷார் கோட்டைக்கு வைத்த பெயர்தான் இன்றும் பூங்காவின் பெயர். அந்தம்மாள் பெயரில் இருப்பது வாசலில் ஒரு வட்டச் சாலையும் உள்ளே ஒரு பாதையும்தான்.

‘இயற்கை இனாமாகக் கொடுத்தது’ என்பதற்கு இன்னொரு பதில். எல்ஜி கம்பெனி தன் அமெரிக்கத் தலைமையகத்தை அந்த எதிர்க்கரையில், ராக்ஃபெல்லர் கொடுத்த நிலத்தை ஒட்டி, 143 அடி உயரத்தில் கட்டத் திட்டம் போட்டது. மரங்களுக்கு மேல் துருத்திக்கொண்டு தெரியும். ராக்ஃபெல்லரின் பேரன் உட்படப் பலர் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது. 2015-இல் சமரசமாகி உயரம் 69 அடியானது. வேலை வாய்ப்பு போகுமே என்று அந்த ஊரில் ஒரு சாரார் முனகினார்கள், நியாயமான முனகல்தான். ஆனால் கட்டடம் வந்தது, வேலையும் வந்தது, மரத்துக்கு மேலே தலை மட்டும் தெரியவில்லை. வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இல்லை. எண்பது வருடம் கழித்தும் ஒருவர் வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை போனால் மத்தியானத்தில் போகாதீர்கள். மேற்கைப் பார்த்த குன்று அது, மாலையில் பாலிசேட்ஸுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். இலை நிறம் மாறும் அக்டோபர் கடைசி இன்னும் நல்லது. ‘ஏ’ என்ற பாதாள ரயிலில் 190-ஆவது தெரு நிலையத்தில் இறங்கினால் லிஃப்ட்டே உங்களைப் பூங்கா வாசலில் கொண்டுவந்து விடும். டைக்மன் தெருவில் இறங்கிவிட்டால் முழுக் குன்றையும் காலால் ஏற வேண்டும். நீங்கள் அப்படி ஏறியிருப்பீர்களோ என்று உங்கள் கடிதத்தின் சூட்டைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது. வடக்கே உள்ள க்ளாய்ஸ்டர்ஸ் மியூசியத்துக்கு உண்டு. ஐரோப்பாவின் பழைய மடங்களிலிருந்து வந்த தூண்களையும் வளைவுகளையும் வைத்துக் கட்டி 1938-இல் திறந்தது, அதிலும் ராக்ஃபெல்லர் பணம்தான். மூலிகைத் தோட்டத்துக்காகவாவது உள்ளே போங்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம், மூடியிருக்கும்.