ஒரே கணக்குக்கு மூன்று பாஸ்கீயா? வாசகர் கேள்விகள்

கூகுளில் நுழையப் போனால் என் முகவரி மூன்று தடவை வருகிறது. வைரஸா?
(கும்பகோணம்)

இல்லை. பாஸ்கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவி. ஒரு பாஸ்கீ விண்டோஸ் ஹலோவில் (பின், விரல், முகம் பார்த்துத் திறக்கும் விண்டோஸின் பூட்டு), ஒன்று குரோமின் பாஸ்வேர்ட் மேனேஜரில், இன்னொன்று போனில் இருக்கும். மூன்றும் தனித்தனிச் சாவி. ‘எங்கே சேமிக்கட்டும்?’ என்று கேட்ட பெட்டியைப் படிக்காமல் ஒவ்வொரு தடவையும் ஓகே தட்டியிருக்கிறீர்கள். அப்படியே இருந்தாலும் குற்றமில்லை.

விண்டோஸ் செட்டிங்ஸில் பாஸ்கீயை அழித்துவிட்டேன். கூகுள் பக்கத்தில் இன்னும் நிற்கிறதே?
(நாகர்கோவில்)

நிற்கத்தான் செய்யும். பாஸ்கீக்கு இரண்டு பாதி: ரகசியப் பாதி கம்ப்யூட்டரில், பொதுப் பாதி கூகுளிடம். நீங்கள் அழித்தது ஒரு பாதியை. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உருவான தேதி, கடைசியாகப் பயன்பட்ட தேதி எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து அங்கே முதலில் நீக்குங்கள், கம்ப்யூட்டரில் பிறகு. எதை அழிக்கும் முன்பும் வேறொரு வழியில் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் பட்டியலிலேயே ஒரே தளம் இரண்டு தடவை இருக்கிறது. எது செத்தது?
(சேலம்)

ஒரே இடத்தில், ஒரே கணக்குக்குப் புதிதாகச் செய்தால் பழையதன் மேலேயே எழுதப்படும். ஆகவே இரண்டு இருந்தால் இரண்டு கணக்கு. அல்லது கணக்கை மூடிவிட்டு அதே மின்னஞ்சலில் மறுபடி திறந்திருப்பீர்கள். தளம் உள்ளுக்குள் புது அடையாள எண் கொடுத்திருக்கும். நுழைந்து பாருங்கள், திறக்காததுதான் செத்தது.

வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். எல்லார் பாஸ்கீயும் கலந்து கிடக்கிறது. எப்படிப் பிரிப்பது?
(மதுரை)

நான்கு பேரும் ஒரே விண்டோஸ் லாகினில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அப்படித்தானே? எத்தனை தடவைதான் எழுதுவது! பின் நம்பர் வீடு முழுக்கத் தெரியும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பையனுடைய விரலையும் அப்பா லாகினிலேயே பதிந்து வைப்பார்கள். பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை வாசற்படியிலேயே வைப்பது மாதிரி. விண்டோஸ் ஹலோ ஆளைப் பார்ப்பதில்லை. பின் சரியா, பதிந்த விரலா, அவ்வளவுதான். அப்பாவின் கணக்கைப் பையன் திறந்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

கலந்ததைப் பிரிக்க முடியாது, புதிதாகத்தான் செய்யவேண்டும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு பின். அவரவர் லாகினில் பாஸ்கீயைப் புதிதாக உருவாக்கி, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள். ஆளுக்குப் பத்து, பதினைந்து நிமிஷ வேலை. இதற்குச் சோம்பல்பட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஃபார்மேட் போடக் கொடுக்காதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த சாவிகள் அதோடு போய்விடும்.

யூபிகீ நிரம்பிவிட்டது என்கிறது.
(கோவை)

யூபிகீ என்பது பாஸ்கீயைச் சேமிக்கும் சிறு யூஎஸ்பி சாவி. அதன் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்த மென்பொருள்) 5.7க்கு முந்தையது என்றால் 25 பாஸ்கீதான் கொள்ளும், புதியதில் 100. ஃபர்ம்வேரை மாற்ற முடியாது. வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்குங்கள். ரீசெட் பக்கம் போகவேண்டாம், எல்லாம் போய்விடும். பின்னை யூகித்தும் விளையாடாதீர்கள்: 8 தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் ரீசெட்தான். மறுபடி சொல்கிறேன், அழிக்கும் முன் மாற்று வழி.

பாஸ்கீ வேலை செய்யவில்லை. அவசரம்.
(ஊர் எழுதவில்லை)

எந்தத் தளம், எந்த பிரவுசர், திரையில் என்ன வந்தது? எழுதி அனுப்புங்கள்.