அப்பாவோட கால் புண்ணுக்கு பிஆர்பி: பிளேட்லெட் புது ரத்தக்குழாயை வளர்க்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு, 15 வருஷமா சுகர். பாதத்துல வந்த புண் ரெண்டு மாசமா ஆறல. அவர் ரத்தத்துல இருந்தே பிளேட்லெட் (ரத்தத் தட்டு) நிறைஞ்ச பகுதியைப் பிரிச்சு, அதான் பிஆர்பி, புண்ணுக்குப் போட்டா புது ரத்தக்குழாய் வளரும்னு சொல்றாங்க, உண்மையா? கவுண்ட் 2.4 லட்சம்தான் இருக்கு, பப்பாளி இலை சாறு குடுத்து ஏத்தணுமா?

வளரும்ங்கறது உண்மைதான், ஆனா எந்தக் குழாய் வளரும்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். பிளேட்லெட்டுக்கு ரத்தத்தை உறைய வைக்கற வேலை மட்டும் இல்ல. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஆல்ஃபா கிரானியூல்னு சுமார் 50-80 குட்டிப் பை இருக்கு, அதுல விஇஜிஎஃப், பிடிஜிஎஃப் மாதிரி வளர்ச்சிக் காரணிகள் ரெடியா இருக்கும், காயம் பட்ட இடத்துல பிளேட்லெட் ஒட்டுனதும் அதெல்லாம் வெளிய கொட்டும். விஇஜிஎஃப் பக்கத்துல இருக்கற தந்துகியோட, அதாவது ரொம்ப மெல்லிசான ரத்தக்குழாயோட, உள்சுவர் செல்லைத் தட்டி எழுப்பும், அது பெருகி புண் பக்கமா முளை விடும். வெறும் முளை நிக்காது, கசியும். அங்கதான் பிடிஜிஎஃப் வேலை, பெரிசைட்னு ஒரு செல்லை வரவழைச்சு குழாயைச் சுத்தி தாங்கல் குடுக்க வைக்கும். அதே பைகள்லயே இந்த வளர்ச்சியை அடக்கற த்ரோம்போஸ்பாண்டினும் இருக்குங்கறது எனக்கு இன்னைக்கும் பெரிய ஆச்சரியம்.

ஆனா இப்படி வளர்றதெல்லாம் முடியை விட மெல்லிசான தந்துகி. முழங்காலுக்குக் கீழ பெரிய தமனியே அடைச்சிருந்தா பிஆர்பி அதைத் திறக்காது, வாய்க்கால்லயே தண்ணி வராதப்போ வயலுக்குள்ள பாத்தி கட்டி என்ன பண்றது? பிடிஜிஎஃபை மட்டும் ஜெல்லா செஞ்ச பெகாப்ளெர்மினுக்கு 1997-ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தப்பவே, போதுமான ரத்த ஓட்டம் இருக்கற சுகர் புண்ணுக்குத்தான்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

அதனால மொதல்ல காலுக்கு டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பாக்கற ஸ்கேன், எடுங்க. கணுக்கால் பிரஷரை மட்டும் நம்பாதீங்க, சுகர்காரங்களுக்கு தமனி கல்லு மாதிரி கெட்டியாகி அது நார்மல்னு காட்டிடும், கால் விரல் பிரஷரும் பாக்கச் சொல்லுங்க. அடைப்பு இருந்தா வாஸ்குலர் (ரத்தக்குழாய்) டாக்டர்கிட்டதான் மொதல்ல போகணும். ஓட்டம் நல்லா இருந்தா, செத்த சதையை எடுத்து, இன்ஃபெக்‌ஷன் எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாத்து, அந்தப் பாதத்துல எடை விழாம செஞ்சு, அப்புறமா பிஆர்பி பத்தி பேசலாம். எடை விழுறதை நிறுத்தாம என்ன போட்டாலும் முளைக்கற குழாய் ஒவ்வொரு அடிக்கும் நசுங்கும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்.

பப்பாளி சாறு வேண்டாம். 2.4 லட்சம் நல்ல கவுண்ட், ஒன்றரைல இருந்து நாலரை லட்சம் வரை நார்மல்தான். அவர் ஆஸ்பிரின் சாப்பிடறார்னா பிஆர்பிக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. முன்னாடி கேன்சர் வந்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, கட்டியும் இதே காரணிகளை வெச்சுத்தான் தனக்கு ரத்தக்குழாய் வளத்துக்கும்.

விரல் கறுக்குது, நாத்தம் வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா இதுக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.