நஞ்சுக்கொடி இரண்டு, பிள்ளைகள் ஒரே அச்சு

கேள்வி: எனக்கு இரட்டை ஆண் பிள்ளைகள், ஏழு மாதம். ஸ்கானில் நஞ்சுக்கொடி இரண்டு இருந்ததால், வேறு வேறு முட்டையில் வந்த பிள்ளைகள் என்று கிளினிக்கில் ஒருவர் சொன்னார். ஆனால் குளிக்க வார்க்கும்போது எனக்கே ஆள் மாறிப்போகிறது, ஒருவனுக்குக் கையில் கறுப்பு நூல் கட்டியிருக்கிறேன். எது சரி?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள் தங்கச்சி, உங்களுக்குச் சொன்னது பாதி சரிதான். நஞ்சுக்கொடி ஒன்றை இரண்டு பேரும் பங்குபோட்டிருந்தால் ஒரே முட்டை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டு இருந்தால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஏனென்றால் எல்லாம் கரு எந்த நாளில் பிரிகிறது என்பதைப் பொறுத்தது. கருக்கட்டி முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு நஞ்சுக்கொடி, ஒரு பனிக்குடம் என்று தனிக்குடித்தனமே நடத்தும், ஒரே முட்டை இரட்டையரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான். நாலு முதல் எட்டு நாளுக்குள் என்றால் கொடி ஒன்று, குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் குடமும் ஒன்று, இது மிக அரிது. பதின்மூன்று நாள் தாண்டினால் பிள்ளைகள் முழுதாகப் பிரியாமல் ஒட்டியே பிறக்கலாம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் தடவி எடுத்துச் செய்யும் டிஎன்ஏ பரிசோதனை போதும், கொழும்பிலேயே செய்கிறார்கள். வீண் செலவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1954-ல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதன்முதல் வெற்றியான சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை ஒரே முட்டை இரட்டைச் சகோதரர் இருவருக்கிடையில்தான் நடந்தது, தம்முடையது போலவே இருந்ததால் உடம்பு அந்த உறுப்பைத் தள்ளவில்லை. பிற்காலத்தில் ஒரு நோய் நொடி என்றால் இந்த விவரம் பிள்ளைகளுக்கு உதவும்.

ஆனாலும் அச்சு அசல் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அக்கா தங்கை இருவர், ஒருத்தியின் ஃபோனை மற்றவள் முகத்துக்கு நேரே பிடித்தாலே திறந்துவிடும், பெருவிரலை வைத்தால் மட்டும் எத்தனை தரம் அழுத்தினாலும் திறக்காது. கைரேகை கருப்பையில் உருவாகும்போது பிள்ளை படுத்திருக்கும் விதம், விரலில் படும் அழுத்தம், வளரும் வேகம் எல்லாம் அதை மாற்றிவிடுகின்றன, பரம்பரை அலகு ஒன்றாக இருந்தும் ரேகை இரண்டு.

அப்புறம் அந்த நூல். ஏழு மாதத்தில் கை கிடுகிடுவென்று பருக்கும், இறுகாமல் பார்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். அதைவிடக் கால்விரல் நகத்தில் ஒரு பொட்டு நகப்பூச்சு வைப்பது நல்லது.

கேள்வி: என் மாமி, அவருடைய தம்பியோடு இரட்டையாகப் பிறந்தவர். எனக்கும் இரட்டை வருமா? ஒட்டு வாழைப்பழத்தைக் கையில் எடுத்தாலே மாமி பறித்துவிடுகிறார்.
(வாசகி, தெஹிவளை)

பதில்: ஆணும் பெண்ணும் என்றால் அது இரண்டு முட்டை இரட்டை. ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளியாகும் தன்மைதான் பரம்பரையாக வருவது, முட்டை உங்களுடையது என்பதால் கணவர் பக்கத்து வழி உங்கள் கர்ப்பத்தில் வேலை செய்யாது. உங்கள் அம்மா, அம்மம்மா பக்கம் விசாரியுங்கள். ஆனால் மாமியிடமிருந்து உங்கள் கணவருக்கு அது வந்திருந்தால், அவர் வழியாக உங்களுக்குப் பிறக்கும் மகளுக்குப் போகலாம், அப்போது பேரப்பிள்ளைகள் இரட்டையாக வரக்கூடும்.

வயது முப்பத்தைந்தை நெருங்கும்போதும், முட்டையைத் தூண்டும் சிகிச்சை எடுக்கும்போதும் இந்த வகை இரட்டைக்கு வாய்ப்புக் கூடும். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இது உலகிலேயே மிக அதிகம். ஒரே முட்டை இரட்டையோ எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று நாலு, பெரும்பாலும் குடும்ப வழி கிடையாது.

வாழைப்பழத்துக்கும் கருவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மாமியிடம் பக்குவமாகச் சொல்லிப் பழத்தைச் சாப்பிடுங்கள்.