பட்ஜெட் புத்தகத்தின் முதல் கட்டம்

கேள்வி: எங்கள் நகராட்சி பட்ஜெட்டில் மழைநீர் வடிகாலுக்கும் புதுப் பூங்காவுக்கும் பெரிய தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். போன வருடமும் இதே வடிகாலைச் சொன்னார்கள்; எங்கள் தெருவில் ஒரு கடப்பாறை கூட விழவில்லை. கவுன்சிலரிடம் பட்ஜெட் நகல் வாங்கிவிட்டேன், படித்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது அம்மா?
— ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி

பதில்: நகலைக் கேட்டு வாங்கினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். முப்பத்தொரு வருடம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தேன். பொதுமக்கள் பட்ஜெட் நகல் கேட்டு வந்தது இரண்டே முறைதான்.

ஒவ்வொரு செலவு இனத்துக்கும் எதிரே சில கட்டங்கள் இருக்கும். 2025-26 பட்ஜெட் என்றால் 2023-24இல் உண்மையில் செலவானது, 2024-25க்குப் போட்ட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, கடைசியாக வரும் ஆண்டின் மதிப்பீடு. மன்றத்தில் வாசிப்பது, பேப்பரில் வருவது எல்லாம் அந்தக் கடைசிக் கட்டம். நீங்கள் முதல் கட்டத்தைப் பாருங்கள். நடந்து முடிந்த கணக்கு அது மட்டும்தான். அதில் வடிகாலுக்கு நேரே சைபர் இருந்து, வருடா வருடம் கடைசிக் கட்டத்தில் கோடிகள் இருந்தால், அந்த வேலைக்குப் பணம் செலவாகவில்லை என்று பொருள்.

நம் தமிழ்நாட்டு நகராட்சிகளில் மூன்று நிதிகள் தனித்தனியாக ஓடும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. பாதாளச் சாக்கடையை இரண்டாவதில் தேட வேண்டும். தெருவோர மழைநீர் வடிகாலை முதலாவதில் தேடுங்கள். அங்கே செலவுப் பக்கத்தோடு நிற்காமல் வரவுப் பக்கத்தையும் புரட்டி, அந்தப் பணம் சொந்த வருமானமா, அரசு மானியமா, கடனா என்று பாருங்கள். மானியம் என்றிருந்தால் அது பெரும்பாலும் எதிர்பார்ப்புதான். எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு இத்தனையும் தாண்டிய பிறகே பள்ளம் தோண்டுவார்கள். கைக்கு வராத மானியத்தை நானும் பல மார்ச் மாதங்களில் வரவில் எழுதியிருக்கிறேன். மேலே கேட்பார்கள், எழுதுவோம். அது இன்றும் என் மனசை உறுத்துகிறது.

பூங்காவில் வேறொன்றைக் கவனியுங்கள். கட்டுவது மூலதனச் செலவு. கட்டிய பிறகு காவலாளி, தண்ணீர், கரண்ட் பில் எல்லாம் வருவாய்ச் செலவு, வருடா வருடம் வரும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் திட்ட நிதியில் அழகான நீரூற்று வைத்தார்கள். கரண்ட் பில்லுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ஓடியது, பொங்கலுக்கு ஓடியது. அப்புறம் மோட்டாரைக் கழற்றி வேறொரு குடிநீர்த் தொட்டிக்கு மாட்டிவிட்டார்கள்.

சரியாகச் செய்த ஊரும் இருக்கிறது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை ஆலந்தூர் தனி நகராட்சி. அங்கே வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். 1996இல் நகர்மன்றத் தலைவராக வந்த ஆர்.எஸ்.பாரதி பாதாளச் சாக்கடையைக் கையில் எடுத்தார். சுமார் 34 கோடி ரூபாய் வேலை. கடனையும் மானியத்தையும் மட்டும் நம்பி இறங்கவில்லை. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் முன்பணம் கேட்டார்கள். குடியிருப்போர் சங்கங்களோடு பல கூட்டங்கள் போட்டு உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் என்றும் முடிவு செய்தார்கள். குழாய் போட்ட பிறகு அதை ஓட்டுவது யார் பணத்தில் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு இறங்கியதால்தான் அந்த வேலை நிலைத்து நின்றது. உங்கள் ஊர்ப் பூங்காவுக்கும் அந்தப் பதில் பட்ஜெட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: பட்ஜெட் நிறைவேறிய பிறகு பேசி என்ன பயன்? எப்போது கேட்க வேண்டும்?
— அதே வாசகி

பதில்: மார்ச் மாதம் கேட்டால் தாமதம். வேலைப் பட்டியல் அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே பொறியாளர் பிரிவில் எழுத ஆரம்பித்துவிடும். வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன. வார்டின் ஒரு பகுதியில் இருக்கும் வாக்காளர்கள் கூடிப் பேசுவதுதான் பகுதி சபை. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. உங்கள் பகுதி சபை அடுத்துக் கூடும்போது எழுந்து பேசுங்கள், எழுத்தாகவும் கொடுங்கள். "வடிகால் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மனு கட்டோடு போய்விடும். தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர், தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுங்கள். எஸ்டிமேட் போடுகிற ஜே.இ.க்கு, அதாவது இளநிலைப் பொறியாளருக்கு, அதுதான் வேண்டும். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் காட்டுங்கள். பட்ஜெட்டைத் தாமாகவே வெளியிட வேண்டியது அவர்கள் கடமை.

முதல் கட்டத்தில் வடிகாலுக்கு நேரே என்ன எண் இருந்தது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள் அம்மா. அடுத்த இதழில் அதை வைத்தே பேசுவோம்.