அலாஸ்கா கப்பலுக்கு மங்கி கேப் போதுமா?

கேள்வி: மகள் சியாட்டிலில் இருக்கிறாள். மே கடைசியில் அங்கிருந்து கிளம்பும் ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் எனக்கும் அவள் அப்பாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். மதுரை வெயிலைத் தவிர வேறெதுவும் பழகாத உடம்பு. சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். மைனஸ் குளிருக்கான கோட்டு ஒன்று பதினைந்தாயிரமாம். வாங்கத்தான் வேண்டுமா? (மதுரை வாசகி)

பதில்: வாங்காதீர்கள். அந்த முப்பதாயிரம் கையிலேயே இருக்கட்டும். அலாஸ்கா என்றதும் நாய் இழுக்கும் வண்டியும் பனிப்புயலும்தான் எல்லாருக்கும் கண்ணில் வருகிறது, ஆனால் சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் போவது தென்கிழக்கு ஓரமாக, கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே என்று தீவுகளுக்கும் காடுகளுக்கும் நடுவே. மே கடைசியில் அங்கே பகலில் 13, 15 டிகிரி இருக்கும். ஜூலை மாதம் ஊட்டிக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டால் எப்படியோ ஏறக்குறைய அப்படி.

நான் பயப்படச் சொல்வது மழைக்கும் காற்றுக்கும்தான். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு மழைக்காலத்தோடு முடிந்துவிடும். கெச்சிக்கனில் 3,500க்கும் மேல், அதுவும் பன்னிரண்டு மாதமும் பெய்துகொண்டே இருக்கும். ஊரைச் சுற்றியிருக்கும் டோங்கஸ் காடே ஒரு குளிர்ப்பிரதேச மழைக்காடு. அதனால் செலவு செய்வதானால் ஒரே ஒரு பொருளுக்குச் செய்யுங்கள், நல்ல மழை ஜாக்கெட். கடையில் 'தண்ணீர் ஒட்டாது' என்று சொல்லிக் கொடுப்பது தூறலுக்குத்தான் தாங்கும். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், தையல் ஓடும் இடமெல்லாம் பட்டையாக டேப் ஒட்டியிருந்தால்தான் அது மழைக்கு ஆனது. தொப்பிக்கு இழுத்துக் கட்டும் கயிறு இருக்க வேண்டும், நீளம் இடுப்புக்குக் கீழே வர வேண்டும். வாங்கிவந்ததும் வீட்டு ஷவருக்கு அடியில் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நின்று பாருங்கள், தோள்பட்டையில் ஈரம் தட்டினால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதற்கு உள்ளே ஒரு ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற குளிர்ச்சட்டை, அதற்கும் உள்ளே உடம்போடு ஒட்டும் மெல்லிய தெர்மல் உள்ளுடை. மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்துத்தான் ஜாக்கெட்டின் சைஸை முடிவு செய்யுங்கள், வெறும் சட்டை மேல் போட்டுப் பார்த்தால் அங்கே போய் ஜிப் ஏறாது. தெர்மல் கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ இருக்கட்டும். நமக்குப் பருத்திதான் பழக்கம், நம் ஊருக்கு அதைவிட நல்ல துணி கிடையாது, ஆனால் அது வேர்வையையும் மழையையும் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸும் பருத்திதான், நனைந்தால் மறுநாள்கூடக் காயாது. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.

இந்த மூன்றும் முழுசாகத் தேவைப்படும் நாள் ஒன்று உண்டு. பனியாற்றுக்கு எதிரே கப்பல் நிற்கும் நாள். கிளேசியர் பே என்றால் தேசியப் பூங்காவின் ரேஞ்சர்களே காலையில் கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள், சனமெல்லாம் மேல் டெக்கில் மணிக்கணக்காக நிற்கும். பனிமேல் குளிர்ந்த காற்று நேராக முகத்தில் இறங்கும். கப்பல் ஓடும்போதும் அப்படித்தான், 20 நாட் வேகம் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர், ஊரே காற்றில்லாமல் இருந்தாலும் டெக்கில் அந்தக் காற்று உண்டு. அங்கே உங்கள் மங்கி கேப் தாராளமாகப் போதும், வெட்கப்படாமல் போடுங்கள். காதையும் கழுத்தையும் சேர்த்து மூடுகிற இன்னொரு தொப்பியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கையுறை, உதட்டுக்கு வாசலின், அப்புறம் கூலிங் கிளாஸ். பனி வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்.

குடை வேண்டாம், அந்தக் காற்றில் அது நிமிஷத்தில் தலைகீழாகிவிடும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியாவைத் தொடுவது வழக்கம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசாவும் வேண்டும், அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். கோட்டு வாங்குவதற்கு முன்னால் மகளிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: வயது 66, சர்க்கரை உண்டு. அதே அலாஸ்கா பயணம்தான், ஆகஸ்டில். பரணில் பழைய ட்ரெக்கிங் ஷூ ஒன்று புதுசு போலவே இருக்கிறது, இரண்டு தடவைதான் போட்டது. அதையே எடுத்துப் போகலாமா? (சென்னை வாசகர்)

பதில்: எடுத்துப் போகாதீர்கள் சார். பல ஷூக்களின் சோலுக்கு நடுவே பாலியூரித்தேன் என்ற மெத்தையான பகுதி இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் ஈரக்காற்று அதை வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கும், சென்னைப் பரண் அதற்கு மிக மோசமான இடம். பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். கட்டிக்கொண்டு இறங்கி அரை மணி நடந்தால் குதிகால் பக்கம் கறுப்பு மாவாக உதிர ஆரம்பித்து, சோல் வாயைப் பிளந்துவிடும். இப்போதே எடுத்துக் கட்டைவிரலால் சோலின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள், வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் குப்பைக்குத்தான்.

தண்ணீர் புகாத, கணுக்கால் வரை வரும் இலேசான நடை ஷூ ஒன்று வாங்குங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். அங்கே போடப்போகிற தடித்த கம்பளி ஸாக்ஸையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். விரல்கள் உள்ளே அசைய இடம் வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஸாக்ஸ் திணித்தால் கதகதப்பு வராது, ரத்த ஓட்டம்தான் குறையும், கால் இன்னும் சில்லிடும். கிளம்புவதற்கு முன் சில வாரம் தினமும் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடந்து பழக்கிவிடுங்கள்.

சர்க்கரை இருப்பதால் இரண்டு விஷயம். கால் மரத்திருந்தால் கொப்புளம் வந்தது தெரியவே தெரியாது, எனவே தினமும் ராத்திரி கேபினில் உட்கார்ந்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் வீட்டம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். உலுக்கினால் சூடாகும் சின்னப் பொட்டலங்கள் விற்கிறார்கள், அதை ஸாக்ஸுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடும்.

கப்பலுக்குள் நடக்க இன்னொரு சாதாரண ஷூ இருக்கட்டும், ஒன்று நனைந்தால் மற்றது. நனைந்ததன் உள் அட்டையை உருவி வெளியே வைத்து, ஷூவுக்குள் நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்தால் காலைக்குள் பாதி ஈரம் போய்விடும். கேபினுக்கு ரப்பர் செருப்பு சரி, ஆனால் ராத்திரி டைனிங் ஹாலுக்கு அதோடு போனால் பல கப்பல்களில் திருப்பி அனுப்புவார்கள். பனியாற்றின் மேலேயே ஹெலிகாப்டரில் இறங்குகிற சுற்றுலாவுக்கு அதற்கான பூட்ஸை அவர்களே தருவார்கள், வாங்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மீன்பிடிக்கவும் கடைக்குப் போகவும் ஒரே பழுப்பு நிற ரப்பர் பூட்ஸைத்தான் மாட்டித் திரிவார்கள். எக்ஸ்ட்ராடஃப் என்று பெயர். பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கிவராதீர்கள், நம் ஊரில் அதை எங்கே போடுவது?

கேள்வி: என் மாமியார் புடவை தவிர எதுவும் கட்டமாட்டேன் என்கிறார். கப்பலில் முடியுமா? (திருச்சி வாசகி)

பதில்: கப்பலுக்குள் தாராளமாக. விருந்து ராத்திரி பட்டுப்புடவையோடு வந்தால் எல்லாரும் பாராட்டுவார்கள், நகைதான் அளவாக இருக்கட்டும். கரையில் இறங்கும்போதும், திமிங்கிலம் பார்க்கச் சின்னப் படகில் ஏறும்போதும்தான் சிக்கல். புடவைக் கரை நனைந்து கனத்துக் காலைத் தட்டும், முந்தானை காற்றில் யார் முகத்திலாவது போய் விழும். தெர்மல் லெக்கிங்ஸ் உள்ளே, முழுக்கை தெர்மலுக்கு மேல் ரவிக்கை, பருத்தி இல்லாமல் சிந்தெடிக் புடவை, கணுக்கால் தெரிய நாலு விரல் தூக்கிக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, மேலே முழங்கால் வரை வரும் மழைக்கோட்டு. ஷூ போட ஒத்துக்கொள்ள வைப்பது உங்கள் சாமர்த்தியம். மடிசார் கட்டத் தெரிந்தவர் என்றால் படகில் கால் வைக்க அதுதான் வசதி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள். தீப்பிடிக்கும் பயத்தில் கப்பலில் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பிப்ரவரியில் நார்வேயில் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் போகும் கரையோரக் கப்பல், ராத்திரி வானத்தில் வண்ணமாக ஆடும் வடக்கு வெளிச்சம் பார்க்க. மழை ஜாக்கெட் போதுமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: போதாது. மேலே சொன்னதை நீங்கள் பின்பற்றினால் விறைத்துப் போவீர்கள். 1893 முதல் ஓடும் தடம் அது, வழியில் 34 துறைகள். வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் கரையோரம் அவ்வளவு மோசமில்லை, டிரம்சோவில் பிப்ரவரிச் சராசரி மைனஸ் 4 பக்கம்தான், கிர்கெனெஸ் போனால் மைனஸ் 10, சில நாள் இன்னும் கீழே. ஆனால் ராத்திரி டெக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கப்போகிறீர்கள். நடப்பவனுக்கு உடம்பே சூடு தரும், நிற்பவனுக்கு உடைதான். எனவே பஞ்சடைத்த தடித்த ஜாக்கெட் உங்களுக்கு வேண்டும், அதற்கு மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஓடு. காலுக்கும் தெர்மல், அதன்மேல் காற்று புகாத பேண்ட். விரலுக்கு விரல் பிரிந்த மெல்லிய கையுறை போட்டு, அதன்மேல் விரல்கள் சேர்ந்திருக்கும் தடித்த உறை. போட்டோ எடுக்க மேலுறையை மட்டும் கழற்றலாம். போனை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

இன்னொன்று, தெருவெல்லாம் கண்ணாடிப் பனி. ஷூவுக்கு அடியில் ரப்பரோடு இழுத்து மாட்டும் முள் பட்டை அங்கேயே கடைகளில் கிடைக்கும், முதல் துறையிலேயே வாங்குங்கள். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும், பளபள தரையில் அதுவே வழுக்கும்.

கேள்வி: பெட்டி கட்டும்போது எல்லாரும் மறப்பது எது? (கோவை வாசகர்)

பதில்: கடைசி ராத்திரியும் முதல் மத்தியானமும். ஏறும் அன்று கொடுத்த பெட்டி கேபினுக்கு வர மணிக்கணக்காகும், எனவே ஜாக்கெட், மாத்திரை, மாற்றுத்துணி ஒன்று கையில் இருக்கட்டும். இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் போட வேண்டியதையும் சேர்த்துக் கட்டிவிட்டு, இரவு உடையோடு கஸ்டம்ஸ் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அப்புறம் கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், காந்தக் கொக்கி நாலு வாங்கிப் பெட்டியில் போடுங்கள், நனைந்த ஜாக்கெட்டைத் தொங்கவிட வேறு இடம் கிடையாது. பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்த ஸ்வெட்டரை இரண்டு நாள் முன்பே எடுத்து நிழலில் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்ன கேபினில் ஏழு ராத்திரியும் அதே வாசனைதான்.