பிரிட்டன் விமானிகள் சோவியத் மண்ணிலிருந்து சண்டை போட்டார்களா?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் சோவியத்துக்கு விமானங்களை மட்டும்தான் கொடுத்ததா, ஆட்களையும் அனுப்பியதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்களும் போனார்கள். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் மீது பாய்ந்தது. செப்டம்பரிலேயே பிரிட்டன் விமானப்படையின் 151-வது விங் (சில ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த விமானப்படைப் பிரிவு) சோவியத்தின் வடகோடித் துறைமுகமான முர்மான்ஸ்க் அருகே வாயெங்கா தளத்தில் இறங்கிவிட்டது. ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர்விமானங்கள் 24, ஆர்கஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து நேராகப் பறந்து வந்தன. இன்னும் 15, பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்து ஆர்க்காங்கெல்ஸ்க் என்ற இன்னொரு வடக்குத் துறைமுகத்தின் பக்கம் ஒன்றுசேர்க்கப்பட்டன.

சோவியத் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் போனார்கள், ஜெர்மன் விமானங்களை வீழ்த்தவும் செய்தார்கள். ஆனால் என் பார்வையில் பெரிய வேலை சொல்லிக்கொடுத்ததுதான்: சோவியத் விமானிகளுக்கு ஹரிக்கேனை ஓட்ட, அவர்களுடைய மெக்கானிக்குகளுக்குப் பராமரிக்க.

தளமோ மேடுபள்ளமான மண்தரை. தரையில் நகரும்போது வால் தூக்கி மூக்கு குத்திவிடக்கூடாது என்று இரண்டு பேர் வால்பகுதியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருமுறை அவர்கள் இறங்குவதற்குள் விமானம் மேலே கிளம்பிவிட்டது. இருவரும் இறந்தார்கள்.

குளிர்காலம் நெருங்கியதும் ஹரிக்கேன்களை சோவியத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். அப்புறம் போனவை பெரும்பாலும் விமானங்கள்தான். போர் முடிவதற்குள் ஹரிக்கேன் மட்டுமே ஏறத்தாழ 3,000 அனுப்பப்பட்டன.