30 மீட்டர் தள்ளி கட்டிங் மெஷின் ஓட்ட எந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கலாம்?

வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளியுள்ள கொட்டகையில் 2,000 வாட் கட்டிங் மெஷினும் பெஞ்ச் கிரைண்டரும் ஓட்ட வேண்டும் என்கிறீர்கள். பெட்டியின் அழகைப் பார்க்காதீர்கள், ஒயரைப் பாருங்கள்.

நான் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். தொடங்கிய புதிதில் தடித்த ஒயருடன் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினேன். மழை பெய்த மறுநாள், உடன் வேலை செய்த தம்பி கிரைண்டரின் இரும்பு உடலில் கை வைத்ததும் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். பெட்டியைத் திறந்தேன். மூன்று துளை சாக்கெட்டுக்கு இரண்டு கோர் (உள்ளே இரண்டே கம்பிகள் உள்ள) ஒயர்தான் வந்திருந்தது. கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் முனையில் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து மூன்று கோர் ஒயரை மீட்டர் கணக்கில் வாங்கி நானே கட்டுகிறேன்.

உங்கள் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். எனவே 6 ஆம்பியர் பிளக் ஆகாது. 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் வேண்டும். ஒயரின் செம்புக் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டராக இருந்தால், போக வர 60 மீட்டரில் ஏறக்குறைய 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 4 வோல்ட்தான். விலை கூடுதல்தான், ஆனாலும் 2.5 வாங்குங்கள். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம்.

அந்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் வீணாகும் மின்சாரம் சுமார் 90 வாட் சூடாக மாறுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு. தரையில் விரித்துக் கிடந்தால் காற்றில் ஆறிவிடும். சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடு நடுவில் தங்கி, மேலுறை இளகி ஒட்டிக்கொள்ளும். எந்த ஒயராக இருந்தாலும், பத்து மீட்டர்தான் தேவையென்றாலும், முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள்.

லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது கசிவைத்தான் பிடிக்கும், அதிகச் சுமையைப் பிடிக்காது, அதற்கு எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) தனியாக இருக்க வேண்டும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. வாரம் ஒருமுறை, சுவரிலிருந்து கழற்றிய பிறகு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் இடையே இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்கிறேன். பிளக்கைத் திறந்து திருகுகளை இறுக்குகிறேன். ஒயரின் வெளியுறை கிளாம்புக்குள் பிடிபட்டிருக்க வேண்டும். எர்த் ஒயரை மட்டும் சற்று நீளமாக விடுங்கள், யாராவது இழுத்தாலும் அது கடைசியாகத்தான் கழலும்.

வெட்டுப்பட்ட ஒயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். போன மாதம் தீப்பொறி விழுந்து உறை எரிந்த இடத்தில் அறுத்தெறிந்து, 30 மீட்டர் ஒயரை 22 மீட்டராக்கிப் புதுப் பிளக் மாட்டினேன்.